வரவேற்பில் பேசுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் 12 ஆண்டுக்கால நண்பனுக்கு அடுத்த மாதம் திருமணம். வரவேற்பில் நான் பேச வேண்டும், முடிவில் கோப்பையை உயர்த்தி வாழ்த்தவும் வேண்டும் என்று சொல்லிவிட்டான். நான் மேடை ஏறியதே இல்லை. கல்லூரி விடுதியில் அவன் அடித்த கூத்துகள், அவனுடைய பழைய காதல் என்று சொல்ல நிறைய இருக்கிறது. சிரிக்க வைத்தால் போதும் என்கிறார்கள் மற்ற நண்பர்கள். ஒருமுறை தேர்வுக்கு முந்தைய இரவு எனக்குக் காய்ச்சல் வந்தபோது, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாசித்துக் காட்டினான். ஆனால் அதில் சுவாரசியமாக எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் பேசலாம்? நான் மது அருந்துவதில்லை, கோப்பையை என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பழைய காதலை விட்டுவிடுங்கள். எவ்வளவு நயமாகச் சொல்ல முடிந்தாலும் வேண்டாம். ஒரு வரவேற்பில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். மணமகனின் தோழர் மைக்கைப் பிடித்து ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். நண்பர்கள் மேசையில் பெருஞ்சிரிப்பு. மணமகளும் சிரித்த முகம் மாறாமல்தான் இருந்தார். ஆனால் பூங்கொத்தின் நாடாவை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தார், விரல்நுனி வெளுக்கும்வரை. அந்தத் தோழர் அதற்குப் பிறகு நல்ல வார்த்தைகள் பல சொன்னார். எதுவும் எனக்கு நினைவில்லை.

கூடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் நண்பனைத் தெரியாது. தங்கள் பெண் எப்படிப்பட்டவனோடு வாழப்போகிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு உட்கார்ந்திருப்பார்கள். 12 ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்த நீங்கள் அவர்களுக்குச் சாட்சி. விடுதிக் கூத்து ஒன்று இருக்கட்டும், தவறில்லை. அதை அவன் அம்மாவிடம் நேரில் சொல்லக் கூச்சப்படுவீர்கள் என்றால் மேடையிலும் சொல்லாதீர்கள். ‘அன்று கூட இருந்தவர்களுக்குத்தான் புரியும்’ என்கிற கதைகளும் வேண்டாம்.

இன்னொரு வரவேற்பில் மணமகளின் அக்கா பேசினார். பள்ளிநாளில் அவருக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, எட்டு வயதுத் தங்கை தினமும் காலையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று அவருக்குத் தலை பின்னிவிட்டாளாம். “பின்னல் ஒரு நாளும் நேராக வந்ததில்லை. கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் கோணல் பின்னலோடுதான் பள்ளிக்குப் போனேன்” என்றார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. மணமகனின் தாய் எழுந்துபோய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று நிமிடம் போதும், ஐந்தைத் தாண்டாதீர்கள். எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மேடையில் சிரிப்புக்கும் தொண்டை அடைப்பதற்கும் கொஞ்சம் நேரம் போகும். சிறு அட்டையில் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரை நடுவில் அணைந்துவிட்டால் பதற்றம் கூடும். முன்னால் யார் பேசுகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். பெண்ணின் தந்தை, மணமகன், அதன்பின் தோழர் என்பது பிரிட்டனின் பழைய வரிசை. உங்கள் நண்பன் வீட்டில் எப்படியோ, கேட்டால்தான் தெரியும்.

கோப்பையைப் பற்றிக் கவலையே வேண்டாம். வாட்டிய ரொட்டித் துண்டை ஒயினில் போட்டுக் குடித்த பழைய வழக்கத்திலிருந்து வந்ததுதான், கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘டோஸ்ட்’ என்ற பெயர். இன்று பழச்சாறோ தண்ணீரோ போதும், கோப்பை காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நாற்காலிச் சத்தம் அடங்கட்டும். பிறகு இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லி ஒரே வரியில் வாழ்த்துங்கள். அவன் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், தோழர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வாழ்த்துப் பெறுகிறவர்கள் அப்போது உட்கார்ந்தே இருப்பார்கள், தங்களுக்கான வாழ்த்துக்குத் தாங்களே அருந்துவதில்லை. இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுவாரசியம் இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்தக் காய்ச்சல் இரவுதான் உங்கள் உரை. அதை மட்டும் சொல்லுங்கள். அவன் எந்தப் பாடத்தை வாசித்தான் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மேடையில் அதை விட்டுவிடாதீர்கள்.