தூக்கினால் விறைக்கிற பேத்தி
தூக்கும்போது பேத்தி விறைப்பது உங்களைப் பிடிக்காததால் இல்லை. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் தசைகளைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள பேத்தி, அம்மா தூக்கினால் சும்மா இருந்து நீங்கள் தூக்கினால் மட்டும் வில்லாய் விறைக்கிறாள் என்றால், பெரும்பாலும் தூக்குகிற விதம்தான் காரணம். அக்குளில் கை கொடுத்துச் சட்டென்று தூக்கினால் கால் நீண்டு தசை இறுகும்; அது அவள் கையில் இல்லை.

முகத்துக்கு நேரே வந்து "தூக்கட்டுமா?" என்று கேட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அப்புறம் பக்கவாட்டில் புரட்டி, முட்டியும் இடுப்பும் மடங்கியிருக்க, நெஞ்சோடு அணைத்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். விறைத்துவிட்டால் காலை வலிந்து மடக்காதீர்கள், தளரட்டும். பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை செய்து காட்டிவிடுவது நல்லது.

காலை அசைத்தாலே அழுதால் அது வேறு. இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் முதுகு ஒத்துழைக்காவிட்டால் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள், கதை பேச அதுதான் வசதி.