திரையும் நெஞ்சும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய படங்களில் உங்களை உலுக்கிய ஒன்று எது ஐயா? (வாசகி, ஹட்டன்)

பதில்: ‘பராசக்தி’தான் தங்கச்சி. 1952இல் வந்தது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம். எல்லோரும் நீதிமன்றக் காட்சியைத்தான் சொல்வார்கள். அது பெரிய காட்சிதான், ஆனால் எங்கள் அப்பாயி அழுதது அங்கே இல்லை. ரங்கூனில் மூன்று அண்ணன்மார், மதுரையில் தங்கச்சி, கலியாணத்துக்குப் போக யுத்த காலத்தில் கப்பலில் ஓர் ஆளுக்குத்தான் இடம் கிடைக்கும், கடைசித் தம்பி மட்டும் கிளம்புவான் பாருங்கள், அங்கேயே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் அப்பாயியின் அண்ணன் குடும்பம் ஒரு தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறியது. பிறகு அண்ணனும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில், வாடகை வீடியோ டெக்கில் அந்தப் படம் ஓடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது, கொழுந்துக் கறை போகாத அந்த விரல்கள் என் கையை விடவே இல்லை. சொந்தங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தது அன்றைக்குத்தான், இன்றைக்கும் எழுதுகிறேன்.

கேள்வி: எம்.ஜி.ஆர். நம்ம மலைநாட்டில் பிறந்தவரா? (வாசகர், பதுளை)

பதில்: ஆமாம், 1917இல், நாவலப்பிட்டியில். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் அவர் சாட்டையைப் பிடுங்கும்போது எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் எழுந்து நின்றே பார்த்தார்கள். அடி வாங்கிய தலைமுறைக்கு அது வெறும் பாட்டுக் காட்சி இல்லை.