பலகையில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் இருவரில் நான் ஒருவன். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவி 140 கருவிகளைக் கண்காணிக்கிறோம். "எப்போது கேட்டாலும் பார்க்கிறோம் என்கிறீர்கள், என்ன பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை" என்று பேராசிரியர்கள் குறைபட்டார்கள். அந்தக் குறை தீரட்டும் என்று கண்காணிப்புத் திரையை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டேன். தொல்லை இரட்டிப்பாகிவிட்டது. யாரோ பிரிண்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால்கூட, சிவப்பைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி வருகிறது. போன வாரம் திரை முழுக்கப் பச்சை. ஆனால் மாணவர்களால் தேர்வுக் கட்டணம் செலுத்த முடியவில்லை. "உங்கள் திரை பொய் சொல்கிறது" என்றார் முதல்வர். மூடிவிடலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். மூடினால் எதையோ மறைக்கிறோம் என்று ஆகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூடிவிடுங்கள். மூடுகிற அன்றே அவர்களுக்கென்று வேறொரு பலகையைத் திறந்துவிடுங்கள். திறப்பதை எப்படி எழுதுவது என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

எழுத வருவதற்கு முன் நான் ஓர் அலுவலகத்தில் சர்வர் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒருநாள் தரைத்தளத்தில் ஒரு யுபிஎஸ் நின்றுபோனது. அதோடு, கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஒரு ஸ்விட்ச் அணைந்தது. அதன் பின்னால் இருந்த 31 கருவிகளும் திரையில் சிவந்தன. எனக்கு அது ஒரே ஒரு கோளாறு. பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் அந்தத் திரையை அச்செடுத்து, 31 வரிகளுக்கும் பேனாவால் எண் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். "இதில் எதை முதலில் சரிசெய்வீர்கள்?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு யோசித்தால், அவர் கேட்டதில் தவறே இல்லை. அந்தத் திரை அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

தாய்க் கருவி எது, அதன் வழியாக இணைந்திருக்கும் பிள்ளை எது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் நாகியோஸ் இதைப் பிரித்துக் காட்டும்: விழுந்தது இது, எட்ட முடியாமல் போனவை இவை என்று. முதல் தடவை பதில் வராததும் கூச்சல் போடாமல், நாம் சொன்ன எண்ணிக்கை வரை மறுபடி கேட்டுப் பார்த்த பிறகே உறுதி செய்யும். இதெல்லாம் நமக்கு உயிர். பேராசிரியருக்கு வேண்டியது வேறு: என் வேலை நடக்குமா, நடக்காவிட்டால் எதுவரை? அந்த இரண்டு கேள்விக்கும் உங்கள் 140 வரிகளில் எங்கும் பதில் இல்லை.

போன வாரத்துப் பச்சைக்கு வருகிறேன். ஒரு கருவிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் வைத்துத்தான் நீங்கள் பெரும்பாலும் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 1983 டிசம்பரில் மைக் மூஸ் அதை எழுதியது, நெட்வொர்க்கில் ஒரு விசித்திரக் கோளாறைத் தேடுவதற்காக. அதற்கு அது இன்றும் அருமையான கருவி. ஆனால் சர்வரில் தரவுத்தளம் செத்துக் கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வரும். வாசலில் நின்று கூப்பிட்டு, நாய் குரைத்ததும் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று எழுதிக்கொள்வது போல. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்று இந்தத் தொழிலில் இதைத் தர்ப்பூசணி என்பார்கள். கட்டணப் பக்கத்துக்கென்று ஒரு சோதனைக் கணக்கு வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கும்படி செய்யுங்கள்.

கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும் விளக்கு, தேர்ந்தவர்களையே கவிழ்த்துவிடும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அணைந்திருந்தது. மூடச் சொல்லிக் கட்டளை போய்விட்டது என்பதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தக் கதி என்றால், வேதியியல் பேராசிரியரை எதற்குக் குறைசொல்வது?

புதிய பலகையில் கருவிகளின் பெயரே வரவேண்டாம். விடுதி வைஃபை, மின்னஞ்சல், தேர்வுக் கட்டணம், நூலகம், ஆய்வக இணையம் என்று ஏழெட்டு வரி போதும். சோதனைகளை இயந்திரம் செய்யட்டும், வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். "மையக் கட்டட ஸ்விட்ச் 3 கிரிட்டிக்கல்" என்பது உங்களுக்கு. அவர்களுக்கு இப்படி:

"இரண்டாம் மாடி ஆய்வகங்களில் காலை 10.20 முதல் இணையம் இல்லை. அங்கே மின்சாரம் நின்றுவிட்டது. கீழ்த்தள ஆய்வகம் வேலை செய்கிறது. அடுத்த தகவல் 11.00 மணிக்கு."

கடைசி வரியைக் கவனியுங்கள். எப்போது சரியாகும் என்று அதில் வாக்குக் கொடுக்கவில்லை; அது உங்கள் கையில் இல்லை. அடுத்து எப்போது பேசுவீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. 11.00 மணிக்குப் புதிதாக எதுவும் தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்றே எழுதுங்கள். இதில் ஒருமுறை தவறினால் மறுபடி தொலைபேசிதான்.

மறைப்பது பற்றிக் கேட்டீர்கள். இணையதளப் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டில் ஒன்று விழுந்து, இன்னொன்று தாங்கிக்கொண்டால் உங்கள் திரையில் சிவப்பு, அவர்கள் பலகையில் பச்சை. இது மறைப்பு ஆகாது. இணைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது என்னும்போது பச்சையை வைத்திருப்பதுதான் மறைப்பு. நம்மவர்கள் அதிகம் செய்வதும் அதைத்தான். "மெதுவாக இருக்கிறது" என்று எழுத ஏனோ கை வருவதில்லை. முழுக்க நின்றுபோனால் பழியைக் கேபிள் மேல் போடலாம். மெதுவாக இருந்தால் நம் மேல் வரும்.

பலகையைக் கல்லூரி சர்வரில் வைக்காதீர்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, வடக்கு வர்ஜீனியாவில், தவறாக உள்ளிட்ட ஒரு கட்டளையால் விழுந்தது. சேவைகளின் நிலையைக் காட்டும் பலகையை மாற்றும் கருவியே எஸ்3ஐ நம்பியிருந்ததால் தொடக்கத்தில் பலகையை மாற்ற முடியவில்லை. ட்விட்டரிலும் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கே அப்படி. உங்கள் பலகை வெளியே எங்காவது இருக்கட்டும். அதோடு வாசல் அருகே ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் வைத்தால் இன்னும் நல்லது. அதற்கு இணைப்பே வேண்டாம்.

இன்னொன்று. ஒரு பொறியியல் கல்லூரியில், 140 கருவிகளின் பெயரையும் முகவரியையும் மாணவர்கள் முன் விரித்து வைத்திருக்கிறீர்கள். இத்தனை நாள் எதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் மாணவர்கள் மிக நல்லவர்கள். பதிலை முழுதும் படிக்கும் முன்பே போய் மூடியிருந்தால் மகிழ்ச்சி.

அந்தப் பிரிண்டரை மாலை ஐந்துக்கு மேல் கேட்காதே என்று நாகியோஸிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு நேர வரம்பு வைக்க அதில் வசதி இருக்கிறது.