சோழர் இருக்கையில் வேணாடு எதற்கு?

வியூக வீடியோ கேமில் சோழர் இருக்கும்போது தென் கேரளத்துப் பழைய அரசான வேணாட்டைத் தனி நாகரிகமாகச் சேர்க்கலாமா, சேர்த்தால் எப்படி வடிவமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் ஆடும் முறை மாறாமல் கொடியும் பெயரும் மட்டும் மாறுமானால் சேர்ப்பதில் பயனில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டு நெடுநாள் இந்திய நாகரிகங்களை எல்லாம் "இந்தியர்" என்ற ஒரே பெயரில் அடக்கி வைத்திருந்ததை 2022இல்தான் பிரித்துத் திராவிடருக்குத் தனி இடம் தந்தது.

சோழரின் பலம் கடல் கடந்த படையெடுப்பு என்றால், மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தைக் காப்பதே வேணாட்டின் பலம். வேணாடு திருவிதாங்கூராக விரிந்த காலத்தில், 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னர் அவருடைய படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்தார். புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கும் டிலனாயின் கல்லறையில் இலத்தீனும் தமிழும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தனிச்சிறப்பு ஆற்றலை இங்கிருந்தே எடுக்கலாம்: போரில் சிறைப்படும் எதிரித் தளபதி, சில சுற்றுகளுக்குப் பிறகு நம் படைக்குப் பயிற்சியாளராக மாற வேண்டும்.

வருவாய்க்கு மிளகு போதும். அதை அரசே வாங்கி விற்றதால், மிளகுப் பண்டகசாலை கட்டினால் கோட்டைச் செலவு குறைவதாக வைக்கலாம். யானைப்படையை எல்லாத் தென்னாட்டு அரசுகளுக்கும் ஒட்டிவிடுவது வெறும் சோம்பேறித்தனம் என்பேன்.