பெயருக்குப் பின்னால் எந்த எழுத்து?

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 1991-ல் ஆர்டிக்கிளாக, அதாவது பயிற்சி மாணவியாகச் சேர்ந்தேன். சி.ஏ. (பட்டயக் கணக்காளர் படிப்பு) முடிக்க முடியவில்லை. வேலை பார்த்துக்கொண்டே செலவுக் கணக்குப் படிப்பான ஐ.சி.டபிள்யூ.ஏ. முடித்தேன். அப்புறம் திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் 26 வருடம் கணக்கு, பேங்க், ஆடிட் என்று எல்லாம் பார்த்தேன். ஆட்களை வேலைக்கு எடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: நிதித் துறைக்கு எந்தச் சான்றிதழ் படிப்பது? நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன், இதுவரை 71 சதவீதம். அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் வேலை செய்கிறார். மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் ஏ.சி.சி.ஏ.வும் சி.எம்.ஏ.வும் சேர்த்து மூன்றரை லட்சம், லோன் அவர்களே வாங்கித் தருவார்கள், வேலை உறுதி என்கிறார்கள். எங்கள் மிஸ் சி.ஏ. படி என்கிறார். தோழி சி.எஃப்.ஏ. என்கிறாள். எதற்கு மதிப்பு அதிகம் அம்மா?
– வாசகி, சிவகாசி

பதில்: என் மகள் வயது உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். முதலில் அந்த லோன் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. அப்பாவையும் போட விடாதே. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அவர்கள் சொல்லும் சி.எம்.ஏ. எந்த நாட்டுடையது என்று கேட்டாயா? நான் முடித்த காலத்தில் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்று சொல்வோம். 2012-ல் பெயர் மாறி அது சி.எம்.ஏ. ஆனது. அமெரிக்காவில் ஐ.எம்.ஏ. என்ற அமைப்பு நடத்தும் தேர்வுக்கும் அதே மூன்று எழுத்துதான். ஏ.சி.சி.ஏ.வோடு சேர்த்து விற்கிறார்கள் என்றால் அநேகமாக அமெரிக்க சி.எம்.ஏ.தான். இரண்டே பார்ட், சீக்கிரம் முடியும், பன்னாட்டுக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் மரியாதையும் உண்டு. ஆனால் நம் ஊரில் காஸ்ட் ஆடிட் (உற்பத்திச் செலவுக் கணக்குத் தணிக்கை) ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட அதை வைத்து முடியாது. நம் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்பனை உள்ள நூற்பாலை, சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலைகளுக்கெல்லாம் காஸ்ட் ஆடிட் கட்டாயம். அதை இந்திய சி.எம்.ஏ. முடித்துப் பிராக்டீஸ் செய்பவர்தான் செய்ய முடியும். ராஜபாளையத்தில் எத்தனை மில் இருக்கிறது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஏ.சி.சி.ஏ.வும் அப்படித்தான். லண்டனில் 1904-ல் தொடங்கிய கணக்காளர் அமைப்பு நடத்தும் படிப்பு. மொத்தம் 13 பேப்பர், பி.காம். முடித்தவர்களுக்குச் சில பேப்பர்களில் விலக்கு உண்டு. சென்னை, பெங்களூரில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கு முடித்துத் தரும் அலுவலகங்களிலும் வளைகுடாவிலும் அதைக் கேட்டு எடுக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை ஆடிட் செய்து கையெழுத்துப் போட சி.ஏ. மட்டுமே முடியும். தேர்வுக் கட்டணமும் வருடாந்திரச் சந்தாவும் பவுண்டில் போகும். கோச்சிங் சென்டர் சொன்ன மூன்றரை லட்சத்தில் அதெல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேள். பதில் வருவதற்குள்ளேயே நிறையப் புரியும்.

சி.எஃப்.ஏ. வேறு உலகம். அது கணக்கு எழுதுகிறவர்களுக்கான படிப்பு இல்லை. பங்கு, பாண்டு (கடன் பத்திரம்), ஒரு கம்பெனியின் மதிப்பு என்று முதலீட்டை எடைபோடுகிறவர்களுக்கானது. மூன்று லெவல். ஒவ்வொன்றுக்கும் 300 மணி நேரமாவது படிக்க வேண்டும் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். கட்டணம் டாலரில், ஒரு லெவலுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். முதல் லெவலில் சமீப வருடங்களில் நூற்றுக்கு 45 பேரை ஒட்டித்தான் தேறுகிறார்கள். மூன்றும் முடித்தாலும் 4,000 மணி நேர வேலை அனுபவம் காட்டினால்தான் அந்த எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடலாம். வசதி இல்லாதவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் உதவித்தொகை இருக்கிறது. உன் தோழிக்குப் பங்குச் சந்தையில் உண்மையான ஆசை இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கச் சொல். ஆனால் இந்த வேலைகள் அதிகமும் மும்பையில். அங்கே போய் நிற்க வீட்டில் விடுவார்களா என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

உனக்கு என் கை காட்டுவது சி.ஏ. பக்கம், இல்லையென்றால் நம் நாட்டு சி.எம்.ஏ. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் முதல் படியான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் படியான இன்டர்மீடியட்டில் சேரலாம். பதிவு செய்து எட்டு மாதம் கழித்து எழுதலாம். இரண்டு குரூப் பாடங்களும் தேறியதும் ஆர்டிக்கிள்ஷிப். என் காலத்தில் மூன்று வருடம், இப்போது இரண்டு. அந்த இரண்டு வருடமும் ஸ்டைபண்ட் (பயிற்சிக் காலப் பணம்) வரும். தொகை சிறியதுதான், ஆனால் கடன் வாங்காமல் படிக்கும் பிள்ளைக்கு அதன் அருமை தெரியும். எனக்குத் தெரிந்தது. பாடப் புத்தகங்களை சி.ஏ. இன்ஸ்டிடியூட்டே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, நேரலை வகுப்புகளும் இலவசமாக நடத்துகிறது. முதலில் அதில் ஒரு மாதம் உட்கார்ந்து பார். அதற்கு அப்புறமும் ஏதாவது ஒரு பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று தோன்றினால் அந்தப் பாடத்துக்கு மட்டும் டியூஷன் சேரலாம்.

"வேலை உறுதி" பற்றி ஒன்று. என் சித்தி பேரன் இப்படி ஓர் இடத்தில் 2 லட்சத்து 40 ஆயிரம் கட்டினான். உறுதி என்று சொன்ன வேலைக்கு மூன்று இன்டர்வியூ வந்தது. மூன்றும் கிரெடிட் கார்டு விற்கிற வேலை. இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் பையன் முகம் நினைவில் இருப்பதால்தான் முதல் வரியிலேயே கையெழுத்துப் போடாதே என்று எழுதினேன்.

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் பேக் ஆபீஸில் மூன்று வருடமாக வேலை. கிரெடிட் எக்ஸ்போஷர் ரிப்போர்ட் (யாரிடம் எவ்வளவு கடன் நிற்கிறது என்ற கணக்கு) தயாரிக்கிறேன். சி.எஃப்.ஏ. படிக்கவா, எஃப்.ஆர்.எம். படிக்கவா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: தம்பி, நீங்கள் தினமும் கையில் பிடித்திருக்கும் ரிப்போர்ட்டே பதில் சொல்கிறது. எஃப்.ஆர்.எம்.தான், அதாவது நிதி ரிஸ்க் மேலாளர் சான்றிதழ். கடன் ரிஸ்க், மார்க்கெட் ரிஸ்க், ஆபரேஷனல் ரிஸ்க், வங்கி மூலதனம் பற்றிய பேஸல் விதிகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. நீங்கள் எக்ஸெலில் நிரப்பும் எண் எங்கிருந்து வருகிறது, அது ஏறினால் வங்கி எவ்வளவு மூலதனம் கூடுதலாக வைக்க வேண்டும் என்பதை அந்தப் பாடம் சொல்லித் தரும். இரண்டு பார்ட். முதலாவது நான்கு மணி நேரம், நூறு கேள்வி. அதில் புள்ளியியல் நிறைய உண்டு. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அது பயமில்லை, பி.காம். படித்த பிள்ளைகள்தான் தடுமாறுவார்கள். முதல் பார்ட் தேறினால் நான்கு வருடத்துக்குள் இரண்டாவதை முடிக்க வேண்டும். ரிஸ்க் சம்பந்தமான வேலையில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். உங்கள் வேலை அதில் சேருமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம். உங்கள் ஹெச்.ஆரிடம் தேர்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள், இது போன்ற அலுவலகங்கள் பலவற்றில் அந்த வழக்கம் உண்டு. அப்புறம் உங்கள் வங்கியின் உள் வேலைவாய்ப்புப் பட்டியலைத் திறந்து, நீங்கள் போக ஆசைப்படும் பதவிக்கு என்ன தகுதி போட்டிருக்கிறது என்று பத்து விளம்பரமாவது படியுங்கள். கோச்சிங் சென்டர் நோட்டீஸைவிட அது நம்பத்தக்கது.

கேள்வி: வயது 41. பதினொரு வருடமாக எல்.ஐ.சி. ஏஜென்ட். பாலிசிதாரர்கள் மியூச்சுவல் ஃபண்ட் பற்றிக் கேட்கிறார்கள். நானும் செய்யலாமா? ப்ளஸ் டூதான் படித்திருக்கிறேன், இங்கிலீஷ் சுமார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம் சகோதரி. இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். படிப்புக்கு அப்புறம் வேலை தேட வேண்டியதே இல்லை, வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்களுக்காக என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஐந்து-ஏ வரிசைத் தேர்வை எழுதுங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு தொடங்கிய நிறுவனம் அது. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், கம்ப்யூட்டரில் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 50 வாங்கினால் தேர்ச்சி, தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை. கட்டணம் 1,500 ரூபாயை ஒட்டி. பாடப் புத்தகம் அவர்கள் தளத்திலேயே இலவசம். தினம் ஒரு மணி நேரம் என்று ஆறு வாரம் உட்கார்ந்தால் முடித்துவிடுவீர்கள். தேறியதும் மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு செய்து ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் போல முதல் வருடம் பெரிய கமிஷன் இதில் கிடையாது. 2018-ல் செபி முன்கூட்டித் தரும் கமிஷனை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர் பணம் ஃபண்டில் இருக்கும் வரை சிறிது சிறிதாக வரும் ட்ரெயில் கமிஷன்தான். முதல் இரண்டு மூன்று வருடம் மெலிவாகத்தான் இருக்கும். இரண்டாவது, விசிட்டிங் கார்டில் முதலீட்டு ஆலோசகர் என்று போடாதீர்கள். அதற்கு செபியிடம் தனிப் பதிவும் வேறு தேர்வுகளும் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் என்று போடுங்கள்.

கேள்வி: சி.ஏ. இன்டர் முதல் குரூப் ஐந்து முறை எழுதிவிட்டேன். கடைசியாக அக்கவுண்ட்ஸ் 54, சட்டம் 36, வரி 47. நாலு மார்க்கில் போய்விட்டது. வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். நானும் சோர்ந்துவிட்டேன். விட்டுவிட்டு வேறு கோர்ஸ் படிக்கவா?
– வாசகர், கரூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் அந்த ரிசல்ட் பலகைக்கு முன்னால் நின்றவள்தான்.

நாலு மார்க்கில் போகவில்லை. அதைத்தான் முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும், மூன்றும் சேர்ந்து 300-க்கு 150 வேண்டும். உங்கள் கூட்டுத்தொகை 137. சட்டத்தில் 40 வந்திருந்தாலும் 141தான். குறைந்தது 13 மார்க். இதைத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் சட்டத்தை மட்டும் கொஞ்சம் தூக்கப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு மார்க் வாங்க வசதியான இடம் அக்கவுண்ட்ஸ். 54-ஐ 63 ஆக்கி சட்டத்தில் 40 எடுப்பது, சட்டத்தில் மட்டும் 36-ஐ 49 ஆக்குவதைவிட எளிது. 60 தொட்டுவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. குரூப்பில் தவறினாலும் அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டாம். சட்டத்தில் 30 மார்க் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், தவறுக்குக் குறைப்பு இல்லை. அந்த 30-ல் 20 எடுக்கும் அளவுக்குப் பழகினால் எழுத்துப் பகுதியில் பாதிச் சுமை இறங்கும்.

விடுவதா வேண்டாமா என்பதற்கு: இப்போது இன்டர் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. இரண்டு அட்டெம்ப்ட் என்று தேதி குறித்து வீட்டில் சொல்லுங்கள். இரண்டு மட்டும். இதற்கிடையில் வீட்டிலேயே அடைந்து கிடக்காமல் கரூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அசிஸ்டண்டாகச் சேருங்கள். பாதி நாள் போதும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., பேங்குக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், இந்த மூன்றையும் தனியாக முடிக்கிற ஆளுக்காக உங்கள் ஊர் டெக்ஸ்டைல் கம்பெனிகள் காத்திருக்கின்றன. நான் வேலைக்கு எடுத்தவர்களில் சி.ஏ. இன்டர் பாதியில் நின்றவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர்தான் இன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு அட்டெம்ப்டுக்கு அப்புறமும் வரவில்லை என்றால் வேறு கோர்ஸ் பற்றிப் பேசுவோம். அதுவரை புதிதாக எதற்கும் பணம் கட்ட வேண்டாம். கடைசி மூன்று மார்க் ஷீட்டையும், சட்டப் பேப்பரின் விடைத்தாள் நகல் வாங்கியிருந்தால் அதையும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்து, எங்கே விடுகிறீர்கள் என்று தனியாக எழுதுகிறேன்.