ஆணுக்கும் பெண்ணுக்கும் முடி கொட்டுவதற்குக் காரணம் ஒன்றுதானா? கொட்டிய முடி திரும்ப வளருமா?

நானும் என் தம்பியும் ஒரே ஆண்டில், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதே கேள்வியோடு அலைந்திருக்கிறோம். எனக்குத் தலை சீவும்போதெல்லாம் கொத்துக் கொத்தாகக் கையோடு முடி வந்தது. அவனுடைய சீப்பில் பத்து முடிகூட இருக்காது. இரண்டு ஆண்டுகள் கழித்து என் கூந்தல் பழைய அடர்த்திக்குத் திரும்பியிருந்தது, அவனுக்கோ நெற்றியின் இரு ஓரங்களும் ஏறிப்போயிருந்தன. ஆகவே ஆண், பெண் என்று பிரிப்பதற்கு முன்பு, முடி உதிர்வதையும் முடி மெலிவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் பதில்.

தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, சுமார் 3 மாதங்கள் ஓய்வில் இருந்துவிட்டு உதிர்கிறது. அதே வேர்க்காலிலிருந்து அடுத்த முடி கிளம்புகிறது. இந்தக் கணக்கின்படி நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. வாரத்தில் ஒருநாள் மட்டும் தலைக்குக் குளிப்பவர்கள் அன்றைக்குப் பெருங்கற்றையைக் கண்டு பதறுவதற்குக் காரணம், பல நாட்களுக்கு உரியது ஒரே நாளில் கையில் வருவதுதான்.

கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, உணவை வெகுவாகக் குறைத்து உடல் இளைத்தல், தாங்க முடியாத துக்கம் போன்றவை நேரும்போது ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஆனால் அவை உதிர்வது இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே என்பதால், உண்மையான காரணம் நமக்கு மறந்துபோய், போன வாரம் மாற்றிய ஷாம்பூவின் மேல் பழி விழுகிறது. நானும் அப்படித்தான் எண்ணெயை மாற்றினேன், தண்ணீரைக் குறை சொன்னேன். தோல் மருத்துவர் என் தலையைத் தொடுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "மூன்று மாதங்களுக்கு முன்பு உங்களுக்கு என்ன நடந்தது?" என்பது. பத்து நாள் படுக்கையில் கிடத்திய காய்ச்சல் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ரத்தசோகை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றுக்குப் பரிசோதனை எழுதினார். பெண்கள் இவற்றைத் தவிர்க்கவே கூடாது என்று நினைக்கிறேன். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் அடங்கிவிடும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய நீளத்துக்கு நான் இன்னும் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மிகுந்திருப்பதால் உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் தங்கிவிடுகின்றன. பிரசவத்துக்குப் பிறகு அவை சேர்ந்து உதிர்கின்றன. தாய்ப்பால் கொடுப்பதால்தான் கொட்டுகிறது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதை நம்பிப் பாலை நிறுத்திவிடாதீர்கள்.

தம்பிக்கு நேர்ந்தது வேறு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோன், பரம்பரையாக அதனால் எளிதில் பாதிக்கப்படக்கூடிய வேர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்பைவிட மெல்லியதாகவும் குட்டையாகவும் முளைத்து, கடைசியில் பூனைமுடியாகிவிடுகிறது. தரையில் முடி கிடக்காததால் எங்கள் வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. இந்தத் தன்மை தாய்வழியில் மட்டும்தான் வரும் என்ற நம்பிக்கையும் சரியன்று. இரு வழிகளிலும் வரலாம். பெண்களுக்கும் இதே மெலிவு உண்டு. ஆனால் முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்க, வகிடு அகன்று உச்சந்தலை தெரியத் தொடங்கும். அதோடு மாதவிடாய் தவறுவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இதற்கு மருந்து உண்டு. முன்பு ரத்த அழுத்த மாத்திரையாக இருந்த மினாக்ஸிடில், சாப்பிட்டவர்களின் உடலில் முடி வளரச் செய்ததால் தலையில் தடவும் மருந்தாக மாறி, 1988-இல் அமெரிக்காவில் ஆண்களுக்காக ஒப்புதல் பெற்றது. தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடக்கூடும். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும். ஃபினாஸ்டிரைட் மாத்திரை டி.எச்.டி. உண்டாவதையே குறைக்கிறது. ஆனால் சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகள் வரலாம்; கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது, ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும். மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். தாமதமாகத் தொடங்கிய என் தம்பிக்கு இருந்தது காப்பாற்றப்பட்டது, போனது முழுதாக மீளவில்லை.

நாணயம் போல வட்டமாகச் சொட்டை விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் வேர்க்கால்களையே தாக்குவதால் வருவது அது. காரமானவற்றை அங்கே தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். எரிச்சலும் வலியும் சேர்ந்து, முடித்துளைகளே தெரியாமல் தோல் வழவழப்பாகிவிட்டால், அது தழும்பாகும் வகையாக இருக்கலாம். அங்கே வேர்க்கால் அழிந்துவிட்டால் முடி திரும்பாது என்பதால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சத்துக்குறைவே அபூர்வம். அதிக அளவில் உட்கொண்டால் தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனை முடிவுகள் தவறாக வரவும் கூடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பு அதைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தில் மாத்திரை வாங்குவதைவிட, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் உங்கள் வகிட்டையும் உச்சந்தலையையும் படம் எடுத்து வையுங்கள். என் தம்பியிடம் அப்படி ஆறு படங்கள் இருந்திருந்தால், இரண்டு ஆண்டுகள் முன்பே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பேன்.