11-ஆம் வளைவில் போன் ஏன் கட்டாகிறது என்று கேட்கும் பெண்ணை என்ன படிக்க வைக்கலாம்?

அக்கா, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். "ஊரே கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்குது, இவ மட்டும் இசிஇ-னு (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் படிப்பு) ஒத்தக்கால்ல நிக்கிறா" என்று சொல்லும்போது உங்கள் குரலே கம்மிவிட்டது. உங்கள் பெண் என்னிடம் காட்டிய நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் காட்டவில்லை போலிருக்கிறது.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வளைவுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள்: சிக்னல் மைனஸ் எத்தனை டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு), எந்த செல் (டவரின் எந்தப் பகுதி), பேச்சு நின்றதா தொடர்ந்ததா என்று. 11-ஆம் வளைவுக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம். ஏறும்போதும் இறங்கும்போதும் உங்களோடு பேசிய போன் கால் அங்கேதான் கட்டாகியிருக்கிறது.

போகப் போக போன் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறுவதற்கு ஹேண்ட்ஓவர் என்று பெயர், இதற்கென்றே முழுநேரம் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது எந்த டவருக்கு மாறுவது என்பதை வழக்கமாக போன் முடிவு செய்வதில்லை. அக்கம்பக்கத்து டவர்களின் பலத்தை அளந்து சொல்வது மட்டும்தான் அதன் வேலை, "சரி, அங்கே போ" என்று உத்தரவு தருவது இப்போது பிடித்திருக்கும் டவர். (சும்மா பையில் கிடக்கும்போது போனே தேர்ந்துகொள்ளும்.) பக்கத்து டவர் துளி பலமாகத் தெரிந்ததுமே மாற்றிவிட்டால், மறுநொடி பழையது பலமாகத் தெரியும், திரும்பவும் மாற்ற வேண்டும், இப்படியே அல்லாடும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் நின்றால் நமக்குச் சேலமே தெரிகிற மாதிரி போனுக்கும் ஏகப்பட்ட டவர் தெரியும், அந்த மாதிரி இடங்களில் இந்தத் தொல்லை அதிகம். அதனால்தான் பக்கத்து டவர் 3 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும், அதுவும் 320 மில்லி நொடி நீடிக்க வேண்டும் என்பது போல வரம்பு வைப்பார்கள். மலைப்பாதையில் அதே வரம்பு காலை வாரும். பாறை மறைத்ததும் சிக்னல் சட்டென்று விழுந்துவிடும், காத்திருந்து அளவைச் சொல்லி முடிப்பதற்குள் பழைய டவரின் உத்தரவு வந்து சேர வழியே இருக்காது. 11-ஆம் வளைவிலும் இதுதான் நடக்கிறது என்று அவள் நினைக்கிறாள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. 5ஜி-யில், மொபைல் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் உலக அமைப்பான 3ஜிபிபி-யின் 16-ஆம் வெளியீடு இதற்கு ஒரு வழி கொண்டுவந்தது: சிக்னல் நன்றாக இருக்கும்போதே "நிலைமை இப்படி ஆனால் அந்த டவருக்குப் போய்விடு" என்று போனிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. இதைச் சொன்னதும் அவள் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா.

சரி, சோறு போடுமா என்றுதானே கேட்கிறீர்கள்? போடும், ஆனால் எந்தப் பக்கம் போகிறாள் என்பதைப் பொறுத்தது. வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி சிக்னல் அளக்கும் டிரைவ் டெஸ்ட் வேலை சுலபமாகக் கிடைக்கும், பெரும்பாலும் ஒப்பந்தம், சம்பளம் குறைவு, அதிலேயே தங்கிவிடக் கூடாது. டவருக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது, வரம்புகளைச் சரிபார்ப்பது எல்லாம் பெங்களூரு, சென்னைப் பக்கம் நல்ல வேலைகள். அரசு வேலைதான் வேண்டும் என்றால் யுபிஎஸ்சி-யின் பொறியியல் பணித் தேர்வில் இருக்கும் நான்கு பிரிவுகளில் எலக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பும் ஒன்று. மேலே படிக்க கேட் தேர்வு இருக்கிறது.

இசிஇ எடுக்கட்டும், ஆனால் சி, பைத்தான் இரண்டையும் முதல் வருடத்திலிருந்தே விடாமல் எழுத வேண்டும், நிகழ்தகவுக் கணக்கில் கோட்டை விடக் கூடாது. சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், 1966-லிருந்து இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். கிடைக்காவிட்டால் எங்கோ தொலைவில் பேர் தெரியாத கல்லூரியில் இசிஇ சேர்வதைவிட, நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து வயர்லெஸ்ஸைத் தனியாகப் படிப்பதே மேல். அவளிடமும் இதையேதான் சொன்னேன், முகம் வாடினாலும் ஒத்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். "மூன்று மாதத்தில் டெலிகாம் வேலை உறுதி" என்று பணம் கேட்கிற எந்த இடத்துக்கும் அனுப்பாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அம்மாவின் வளையலை அடகு வைத்து அப்படிச் சேர்ந்தான், கையில் கிடைத்தது ஒரு சான்றிதழ் மட்டும்தான், அந்த அம்மா அழுதது இன்னும் எனக்குள் இருக்கிறது. 3ஜிபிபி ஆவணங்கள் எல்லாமே இலவசம், 38.331 என்ற ஆவணத்தில் இந்த வரம்புகள் அத்தனையும் எழுதியிருக்கிறது, புரியாத இடத்தை என்னிடம் கேட்கட்டும்.

கலந்தாய்வுக்கு எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன்னால், வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், 14-ஆம் வளைவில் சிக்னல் குறைந்தும் கால் அறுபடாமல் நின்றிருக்கிறது, அது எப்படி என்று அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.